ஏர் பிஸ்டலில் குண்டு குறி தவறி விழுந்தால்: கோளாறு சைட்டிலா, கையிலா?

ஒருவர் பயன்படுத்திய ஏர் பிஸ்டலை வாங்கி, கிளப்பில் சேர்ந்து பயிற்சியைத் தொடங்கியிருக்கிறீர்கள். வலக்கையால் சுடுகிறீர்கள். 10 மீட்டர் அட்டையில் குண்டுகள் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே, கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் திசையில், 7, 6 வளையங்களில் விழுகின்றன. குறி பார்க்கும் அமைப்புகளான இரண்டு சைட்டுகளில் கண்ணுக்கு அருகில் இருக்கும் பின் சைட்டின் திருகைத் திருப்பிச் சரிசெய்தீர்கள். மறுநாள் குண்டுகள் வலப்பக்கம் ஏறிவிட்டன. மறுபடியும் திருப்பினீர்கள், இப்போது எங்கே விழும் என்றே சொல்ல முடியவில்லை. குழல் வளைந்திருக்குமா, இதை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: தவறு கருவியுடையதா, சுடுகிறவருடையதா என்பதை எப்படிப் பிரித்தறிவது? அதற்கு விடை கிடைத்தால் விற்பதா வேண்டாமா என்பது தானாகத் தெளிந்துவிடும். பல ஆண்டுகளாக இந்தப் பிரிவில் புதியவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பிஸ்டலையோ அட்டைகளையோ நான் பார்க்கவில்லை. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன். வெடிமருந்தால் இயங்கும் கைத்துப்பாக்கிகளில் பின்னுதைப்பும் பிடியின் இறுக்கமும் கணக்கையே மாற்றிவிடும் என்பதால், இங்கே சொல்பவற்றை அவற்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். சைட் தவறாக அமைந்திருந்தால் குண்டுகள் தவறான இடத்தில் விழும். ஆனால் எல்லாமே அந்த ஒரே தவறான இடத்தில் நெருக்கமாக விழும். நேற்று இடப்பக்கம், இன்று வலப்பக்கம் என்று இடம் மாறுவது சைட் அமைப்பின் இயல்பே அன்று. ஏதாவது ஒரு திருகு தளர்ந்து ஆடிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது சுடுகிறவரின் கையோ கண்ணோ ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக வேலை செய்ய வேண்டும். வளைந்த குழலும் அதே போலத்தான்: அது நாளுக்கொரு பக்கம் வளையாது. எனவே குழல் வளைந்திருக்குமோ என்ற ஐயத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடலாம். திருகை மறுபடி தொடுவதற்கு முன், புதிய அட்டையில் நிதானமாகப் பத்துக் குண்டுகள் சுட்டு, அவை விழுந்த பரப்பின் அகலத்தையும் உயரத்தையும் மி.மீ. கணக்கில் அளந்து எழுதி வையுங்கள். குரூப், அதாவது குண்டுகள் விழுந்த அந்தக் கூட்டம், எங்கே விழுந்தது என்பதை விட, எவ்வளவு பெரியது, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டத்தில் முக்கியம். ஒன்றிரண்டு குண்டுகளைப் பார்த்துவிட்டுத் திருகைத் திருப்புவதுதான் புதியவர்கள் எல்லோரையும் இந்தச் சுழலில் மாட்டிவிடுகிறது. அந்த இரண்டு குண்டுகளும் பரப்பின் எந்த ஓரத்தைச் சேர்ந்தவை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அட்டையின் அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; அதிலிருந்து வெளியே போகப் போக ஒவ்வொரு வளையமும் ஆரத்தில் 8 மி.மீ. கூடுகிறது. 7 முதல் 10 வரையிலான கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மி.மீ. பிஸ்டலின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலான போட்டி பிஸ்டல்களில் 33 செ.மீ. அளவில் இருக்கும். அப்படியானால், பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட்டின் தகடு ஒரே ஒரு மி.மீ. இடப்பக்கம் ஒதுங்கினால், 10 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ முப்பது மடங்காகி 3 செ.மீ. விலகலைத் தரும், பத்தில் விழ வேண்டிய குண்டு ஏழின் வெளிக்கோட்டுக்குப் போய்விடும். ஆனால் இரண்டு சைட்டுகளும் பிசகாமல் ஒன்றியிருக்க, கை முழுவதுமாக ஒரு செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருந்தால், குண்டும் அதே ஒரு செ.மீ. தான் விலகும், ஒன்பது கிடைத்துவிடும். கை ஆடுகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். கை ஆட்டம் எல்லோருக்கும் உண்டு, பதக்கம் வென்றவர்களுக்கும் உண்டு. குண்டை ஆறாம் வளையத்துக்குத் தள்ளுவது பெரும்பாலும் அந்த ஆட்டமன்று. டிரிகரை அழுத்தும் நொடியில் மணிக்கட்டில் ஏற்படும் சிறு கோணல்தான்.

அடுத்து, எங்கே குறி வைக்கிறீர்கள் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. இந்தப் பிரிவில் கறுப்பின் நடுவில் சைட்டை வைத்துச் சுடுபவர்கள் குறைவு. கறுப்புப் பின்னணியில் கறுப்புத் தகடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது என்பதால், கறுப்புக்குக் கீழே ஒரு பட்டை வெள்ளையை விட்டு, அந்த வெள்ளையில் முன் சைட்டின் மேல் விளிம்பை நிறுத்துவதே வழக்கம். குறி வைக்கும் இடத்துக்கு 3, 4 செ.மீ. மேலே குண்டு விழுமாறு சைட்டை அதற்கேற்ப அமைத்திருப்பார்கள். உங்களுக்கு விற்றவர் மிகக் குறுகிய வெள்ளைப் பட்டை விட்டுச் சுட்டிருந்து, நீங்கள் அகலமான பட்டை விட்டுச் சுட்டால், குண்டு கீழே விழும். அதில் யாருடைய தவறும் இல்லை. இது உங்கள் சிக்கலில் ‘கீழே’ என்ற பகுதியை ஓரளவு விளக்கலாம். ‘இடப்பக்கம்’ என்ற பகுதியை ஒருபோதும் விளக்காது.

கருவியைச் சோதிப்பதைப் பற்றி இப்போது சொல்கிறேன்; இதற்கு ஒரு மணி நேரம் போதும். குழலில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, முனை அட்டைப் பக்கமே இருக்கும்படி வைத்து, பின் சைட்டை விரல்களால் மெல்ல அசைத்துப் பாருங்கள். பிறகு முன் சைட்டின் தகட்டை, பிறகு கைப்பிடியான கிரிப்பை. பழைய பிஸ்டல்களில் நான் அதிகம் கண்டது கிரிப்பின் அடித்திருகு தளர்ந்திருப்பதைத்தான். கையில் பிடிக்கும்போது இறுக்கமாகத் தோன்றும், டிரிகரை அழுத்தும்போது மட்டும் ஒரு மயிரிழை நகரும். குழல் முனையில் காற்றைத் திசைதிருப்பும் கம்பென்சேட்டர் இருந்தால் அது நேராகவும் இறுக்கமாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குண்டின் ஓரம் அதில் உரசினால் சில குண்டுகள் காரணமே இல்லாமல் தனியே ஓடும். உரசிய தடம் உள்ளே ஈயக் கீற்றாகத் தெரியும். காற்றை முழுவதும் வெளியேற்றி, அழுத்திய காற்று இருக்கும் சிலிண்டரைக் கழற்றிய பின்னரே முனைக்கு அருகில் கண்ணைக் கொண்டுபோக வேண்டும்.

சிலிண்டரின் அழுத்தத்தைப் பற்றி கிளப்புகளில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. அழுத்தம் குறைந்தால் குண்டு எங்கு வேண்டுமானாலும் போகும் என்பார்கள், அப்படியன்று. நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டரைக் கடக்கும்போது ஈர்ப்பு விசையால் 2 செ.மீ.க்குச் சற்று மேல் கீழிறங்குகிறது. சைட் அதையும் கணக்கில் கொண்டே அமைக்கப்பட்டிருக்கும். வேகம் 130 மீட்டராகக் குறைந்தால் இந்த இறக்கம் மேலும் 7 மி.மீ. கூடும், அதாவது ஏறக்குறைய ஒரு வளையம். ஆகவே குண்டைத் தள்ளும் காற்றை அளந்து விடும் ரெகுலேட்டரோ வால்வோ சீராக இல்லையென்றால் குண்டுகள் மேலும் கீழுமாக ஒரு கோடு போல விழும், பக்கவாட்டில் போகாது. சிலிண்டரை நிரப்பியதும் சுட்ட பத்துக் குண்டுகளையும், அழுத்தமானி குறைந்த அளவைக் காட்டும்போது சுட்ட பத்துக் குண்டுகளையும் தனித்தனி அட்டைகளில் ஒப்பிட்டால் இது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பழைய பிஸ்டல் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். 200 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய பொருள் அது. காலக்கெடு முடிந்திருந்தால் குறி சரியாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

பெல்லட்டால், அதாவது ஏர் பிஸ்டலின் ஈயக் குண்டால், வரும் வேறுபாடு உண்மை. ஆனால் உங்கள் நிலையில் அது மிகச் சிறியது. தலையின் விட்டம் 4.49, 4.50 மி.மீ. என்று மாறும்போது நல்ல குழலில் குரூப் சற்றே விரியும் அல்லது சுருங்கும். ஆறாம் வளையத்துக்குப் போகாது. நசுங்காத, ஒரே டப்பாவைச் சேர்ந்த, தட்டைத் தலை பெல்லட்டுகளைப் பயன்படுத்துங்கள்; அது போதும்.

பின் சைட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை ஒரு மணல் பையின் மேல் வைத்துச் சுடுங்கள். குழலைப் பையின் மேல் வைக்க வேண்டாம். பத்துக் குண்டுகள் சுட்டபின் பக்கவாட்டுத் திருகைப் பத்து ‘கிளிக்’ (ஒரு படி நகர்ந்தால் ஒரு கிளிக்) ஒரே திசையில் திருப்பி, புதிய அட்டையில் மீண்டும் பத்து. இரண்டு குரூப்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தால், ஒரு கிளிக்குக்கு எத்தனை மி.மீ. என்று கிடைக்கும். இது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். அடுத்தவர் பிஸ்டலின் கணக்கைக் கேட்டு வைத்துக்கொள்வதில் பயனில்லை. பிறகு அதே பத்து கிளிக்கைத் திருப்பி எடுத்து மூன்றாம் அட்டையில் சுட்டால், குரூப் முதல் இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் சைட்டின் திருகு மரையோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது. அந்த ஒரு பாகத்தை மாற்றினால் போதும். இந்தச் சோதனை முடியும்போது திருகின் எழுத்துக் குறிகளுக்கும் பொருள் தெரிந்திருக்கும். சில சைட்டுகளில் அந்த எழுத்து குண்டு எந்தப் பக்கம் விழுந்ததோ அதைக் குறிக்கும். வேறு சிலவற்றில் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதைக் குறிக்கும். நீங்கள் திருத்தத் திருத்தத் தவறு பெருகியதற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். எழுத்தை நம்பத் தயங்கினால் ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: குண்டு எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, பின் சைட்டும் அந்தப் பக்கமே நகர வேண்டும்.

மணல் பையில் மணிக்கட்டை வைத்துச் சுட்ட குரூப் சிறியதாக இருந்து, நின்று சுட்டது பெரியதாக இருந்தால், பிஸ்டலுக்கு நற்சான்று கிடைத்துவிட்டது என்று கொள்ளுங்கள். கிளப்பில் அனுபவம் உள்ள ஒருவரைச் சுடச் சொல்வதும் நல்ல சோதனைதான். ஆனால் அவருடைய குரூப் எங்கே விழுகிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவர் கண் வேறு, பிடி வேறு, விடும் வெள்ளைப் பட்டை வேறு. அவரால் நெருக்கமாகச் சுட முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். கருவி உண்மையிலேயே கைவிடுவதும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் இந்திய வீராங்கனை மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி நிமிடங்களை இழந்தார். 2024இல் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். ஆனால் அத்தகைய பழுது, சுட முடியாமல் நிறுத்திவிடும். ஏழு மணித் திசையில் மட்டும் குண்டுகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் பழுது மிக அரிது.

இனி கைக்கு வருகிறேன். உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. வலக்கையால் சுடுகிறவருக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே விழுந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது டிரிகரை வெடுக்கென்று இழுப்பதையும், அதனோடு சேர்ந்து மற்ற மூன்று விரல்களும் பிடியை இறுக்குவதையும்தான். போட்டி விதிப்படி டிரிகரின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. முதல் கட்டம் எளிதாக நகர்ந்து, இரண்டாம் கட்டத்தின் தொடக்கத்தில் விரலுக்கு ஒரு தடை தெரியும். சைட் கறுப்புக்குக் கீழே வந்து அழகாக நின்றதும், ‘இப்போது!’ என்று மனம் கட்டளையிடுகிறது, விரல் அந்தத் தடையை ஒரே மூச்சில் உடைக்கிறது, உள்ளங்கை சுருங்குகிறது, முன் சைட் இடப்பக்கம் கீழே அமிழ்கிறது. இவையெல்லாம் அரை நொடிக்குள் நடப்பதால் சுடுகிறவருக்குத் தெரிவதில்லை. அவர் நினைவில் நிற்பது அதற்கு முந்தைய அழகான காட்சி மட்டுமே. அதனால்தான் ‘சரியாகத்தானே குறி வைத்தேன்’ என்று உண்மையாகவே நம்புகிறார்.

இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. பிஸ்டலை டிரை ஃபயர் நிலையில், அதாவது குண்டு வெளியேறாமல் டிரிகர் மட்டும் இயங்கும்படி, வைத்து, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி, முன் சைட்டின் மேல் விளிம்பை மட்டும் பார்த்தபடி டிரிகரை அழுத்துங்கள். ‘டிக்’ என்ற ஒலி வரும் கணத்தில் தகட்டின் இருபுறமும் இருக்கும் வெளிச்சக் கீற்றுகள் சமமாகவே இருக்கின்றனவா, இடப்பக்கக் கீற்று மெலிகிறதா என்று கவனியுங்கள். மெலிந்தால் விடை கையில் கிடைத்துவிட்டது. ரேஞ்சில் இன்னும் ஒரு படி போகலாம்: கூட இருப்பவர் பிஸ்டலைத் தயார் செய்து கொடுக்கட்டும், சில முறை பெல்லட் வைத்து, சில முறை வைக்காமல், உங்களிடம் சொல்லாமல். வெற்றுச் சுடலின்போது முனை அமிழ்வதை நீங்களே காண்பீர்கள். அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. குண்டுகள் எந்தத் திசையில் விழுந்தால் எந்தத் தவறு என்று வட்டமாக வரைந்து ஒட்டியிருக்கும் படத்தை எல்லா கிளப்புகளிலும் பார்க்கலாம். அது வலக்கைக்காரருக்காக வரைந்தது. இடக்கைக்காரர் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிக்கொள்ள வேண்டும். அதை ஒரு துப்பாக மட்டுமே கொள்ளுங்கள். ஒரே திசைக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருக்கலாம் என்பதால், டிரை ஃபயரில் கண்ணால் கண்டதை மட்டுமே நான் தீர்ப்பாக ஏற்பேன்.

விரலை டிரிகரில் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. விரல் நுனிச் சதையின் நடுப்பகுதி படிய வேண்டும். அழுத்தம் நேர் பின்னோக்கி வர வேண்டும். விரலின் பக்கம் கிரிப்பின் மரத்தில் உரசக் கூடாது. டிரிகரை முன்னும் பின்னும் நகர்த்தி அமைக்கும் வசதி பெரும்பாலான போட்டி பிஸ்டல்களில் உண்டு. விற்றவரின் விரல் உங்களுடையதை விட நீளமாக இருந்திருந்தால், நீங்கள் எட்டிப் பிடித்துச் சாய்வாக இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கிரிப்பும் அப்படியே, அது விற்றவரின் கைக்காகச் செதுக்கியது. கண்களை மூடி, மூச்சை மெல்ல விட்டபடி கையை உயர்த்தி, உங்களுக்கு இயல்பாகத் தோன்றும் நிலையில் நிறுத்திக் கண்களைத் திறங்கள். இரண்டு சைட்டுகளும் ஒன்றியிருந்து, மொத்தமாக அட்டைக்கு இடப்பக்கம் நிற்கின்றன என்றால், பின்காலைச் சற்று நகர்த்தி நிற்கும் கோணத்தை மாற்ற வேண்டும். பிடியைத் தொடக் கூடாது. மாறாக, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், கோளாறு கிரிப்பில். அந்தக் கோணலை நீங்கள் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்கிறீர்கள். டிரிகர் உடையும் கணத்தில், அதாவது அதன் தடை விலகிக் குண்டு கிளம்பும் கணத்தில், மணிக்கட்டு தன் இயல்பான நிலைக்குத் திரும்பிவிடுகிறது. குண்டு இடப்பக்கம் போகிறது. கிரிப்பின் கோணத்தை அதன் திருகுகளால் மாற்றலாம். உள்ளங்கையின் அடியில் தாங்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். வெற்றிடம் இருக்கும் இடத்தில் மரப்புட்டி வைத்து நிரப்பலாம். மரத்தைச் செதுக்குவதை மட்டும் கடைசியாக, அதுவும் கோச் முன்னிலையில் செய்யுங்கள்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாக. பார்வையின் கூர்மை முன் சைட்டில் இருக்க வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். அட்டையைப் பின்பக்கம் முன்னால் வரும்படி திருப்பி மாட்டி, அதன் வெள்ளை முதுகில் பத்துக் குண்டுகள் சுடுங்கள். கறுப்பு வட்டத்தை விட வெற்று வெள்ளையில் உங்கள் குரூப் சிறியதாக விழுந்தால், நீங்கள் சைட்டை விட்டுவிட்டு வட்டத்தைப் பார்க்கிறீர்கள் என்பது உறுதி. நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் முன் சைட்டே மங்கலாகத் தெரியலாம். கண்ணிலிருந்து அது ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் என்று சொல்லி, அந்தத் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடியைக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். படிக்கும் கண்ணாடி இதற்கு உதவாது.

ஆகவே இப்போதைக்கு விற்க வேண்டாம். பக்கவாட்டுத் திருகை முதலில் ஒரு பக்கத்து எல்லை வரை மெல்லத் திருப்பி, அங்கிருந்து மறுபக்கத்து எல்லை வரை கிளிக்குகளை எண்ணிக்கொண்டே வந்து, அதில் பாதியில் நிறுத்தி, அடுத்த இரண்டு வாரங்களுக்கு அதைத் தொடாதீர்கள். நாள்தோறும் வீட்டில் இருபது நிமிடம் வெள்ளைச் சுவரை நோக்கி டிரை ஃபயர் செய்யுங்கள். ரேஞ்சில் சுடும் ஒவ்வொரு குண்டுக்கும், அட்டையைப் பார்க்கும் முன்பே, டிரிகர் உடைந்த கணத்தில் முன் சைட் எங்கே இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள். நீங்கள் சொன்ன இடத்திலேயே குண்டு விழத் தொடங்கினால், தவறு கையில். கோச்சிடம் டிரிகர் பயிற்சி கேளுங்கள். நீங்கள் சொன்ன இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் எப்போதும் ஒரே அளவு, ஒரே திசையில் வேறுபாடு இருந்தால், அப்போதுதான் திருகுக்கு வேலை: வேறுபாட்டை அளந்து, முன்பே கண்டுபிடித்த கிளிக் கணக்கால் வகுத்து, ஒரே முறையில் திருப்புங்கள். மணல் பையின் மேலும் குரூப் விரிந்தே இருந்தால், அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு பிஸ்டல் பழுதுபார்ப்பவரிடம் போங்கள். எந்த அழுத்தத்தில், எந்த பெல்லட்டில், எந்தத் திருகு நிலையில் சுட்டது என்று ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் எழுதியிருந்தால், அவர் வேலை பாதி குறையும்.